குடலடைப்பு அறுவை: நாய், பூனைகளில் முதன்முறை குடலைத் திறக்கப்போகும் மருத்துவருக்கு

குடல் அறுவையில் தோற்றது அன்றே தெரிவதில்லை. வயிற்றை மூடும்போது எல்லாத் தையலும் அழகாகத்தான் இருக்கும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் ஏதோ ஒரு மூலை கசியும். குடலுக்குள் இருந்தது வயிற்றறைக்குள் வரும். வெட்டிய விளிம்பில் முதல் சில நாட்கள் பழைய கொலாஜன் சிதைந்துகொண்டிருக்கும், புதியது போதுமான அளவு உருவாகியிருக்காது. அதுவரை குடலைச் சேர்த்துப் பிடித்திருப்பது நூல் மட்டும்தான். அந்த நூல் பிடித்துத் தொங்குவதோ குடல் சுவரில் உள்ள சப்மியூகோசா என்ற ஒரே ஓர் அடுக்கை. வெளியுறையான சீரோசாவுக்கும் தசையடுக்குக்கும் உட்புறப் படலமான மியூகோசாவுக்கும் நூலைத் தாங்கும் வலு கிடையாது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்துக்காகவே உள்ளவை.

கருத்தடை அறுவைகள் செய்து வயிற்றைத் திறந்து மூடப் பழகியவர், ஆனால் குடலைத் தனியாக வெட்டியதில்லை என்ற நிலையில் இருப்பவருக்காக இது எழுதப்படுகிறது.

அடைப்புதானா என்று உறுதி செய்தல்

திடீர் வாந்தி, உணவு மறுப்பு, வயிற்றைத் தொட்டால் இறுக்கிக்கொள்வது: இவை மூன்றும் சேர்ந்தால் அடைப்பை நினைக்க வேண்டும். அடைப்பு இரைப்பைக்கு அருகில் இருந்தால் வாந்தி அதிகம், நிலை வேகமாகச் சரியும். கீழே, சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம் பக்கம் இருந்தால் நாட்கணக்கில் மந்தமாகத் தொடரும். வாந்தி குறைவு என்பதால் வீட்டார் தாமதமாகக் கொண்டுவருவார்கள்.

பூனை வாந்தியோடு வந்தால் நாக்கின் அடியைப் பார்க்காமல் விடக்கூடாது. வாயைத் திறந்து, தாடை எலும்புகளுக்கு நடுவே வெளியிலிருந்து கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தினால் நாக்கு எழும்பும். அடியில் நூல் சுற்றியிருந்தால் மெல்லிய கோடாகவோ சிவந்த பிளவாகவோ தெரியும். விழிப்பில் காட்டாத பூனைக்கு மயக்கம் கொடுத்த உடனே இன்னொரு முறை பாருங்கள்.

எக்ஸ்ரேயை இரண்டு பக்கவாட்டிலும், மல்லாந்த நிலையிலும் எடுப்பது நல்லது. இடப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்தால் இரைப்பையில் உள்ள காற்று பைலோரஸ் (இரைப்பையின் வெளிவாய்) பக்கம் போகும். அங்கே சிக்கிய பொருள் காற்றின் நடுவே துலங்கும். நாயில் சிறுகுடலின் மிக அகன்ற இடத்தை அளந்து, ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பு உடலின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 1.6-ஐத் தாண்டினால் அடைப்புக்கான சந்தேகம் வலுக்கிறது. பூனையில் 12 மி.மீ.க்கு மேல் அகன்ற சிறுகுடல் சந்தேகத்துக்குரியது. எண்ணைவிட ஒன்று முக்கியம்: ஒரே படத்தில் சில வளையங்கள் வீங்கியும் மற்றவை ஒல்லியாகவும் இருக்கிறதா? எல்லாமே ஒரே சீராக வீங்கியிருந்தால் குடல் அழற்சியோ இயக்கம் நின்றுபோனதோ காரணமாக இருக்கலாம். நூல் போன்ற பொருள் என்றால் குடல் வீங்காமலே இருக்கலாம். ஒரு பக்கமாகக் கொத்தாகக் குவிந்து, உள்ளே சிறுசிறு கண்ணீர்த்துளி வடிவக் காற்றுக் குமிழ்கள் தெரியும். பழகிய கை பிடித்தால் அல்ட்ராசவுண்ட் இந்தக் கேள்விகளுக்கு எக்ஸ்ரேயைவிடத் தெளிவாக விடை தரும்.

அடைப்பு இல்லை என்று தெரியும்வரை மெட்டோகுளோபிரமைடு வேண்டாம். அடைத்த குழாயை மேலும் பிசைய வைக்கும் மருந்து அது. மாரோபிடன்ட் குடலைப் பிசையாது. ஆனால் வாந்தியை மறைத்து, "தேறிவிட்டது" என்று உங்களையே ஏமாற்றும்.

மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன் இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள். முந்தைய இரவு ஜெஜூனத்தில் (சிறுகுடலின் நடுப்பகுதி) இருந்த பொருள் காலையில் பெருங்குடலுக்குப் போயிருந்தால் கத்திக்கு வேலையே இல்லை.

மேசைக்குக் கொண்டுபோகும் முன்

பைலோரஸ் அல்லது டியோடினத்தின் (சிறுகுடலின் முதல் பகுதி) தொடக்கத்தில் அடைப்பு இருந்து வாந்தி தொடர்ந்தால் குளோரைடும் பொட்டாசியமும் குறைந்து ரத்தம் காரத்தன்மைக்குச் சாயும். கீழ்க்குடல் அடைப்பிலும் ரத்த ஓட்டம் கெட்ட நிலையிலும் அமிலத்தன்மையும் காணலாம். எலக்ட்ரோலைட், சர்க்கரை, லாக்டேட், ஆல்புமின், ரத்தச் சிவப்பணு விகிதம், மொத்தப் புரதம் இவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆல்புமின் எண்ணைத் தனியாகக் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரத்த ஓட்டம் சரிந்திருந்தால் சமநிலை கிரிஸ்டலாய்டு திரவம்: நாய்க்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி., பூனைக்கு 5 முதல் 10 மி.லி., 15–20 நிமிடத்தில். கொடுத்தபின் நாடித்துடிப்பு, ஈறு நிறம், ரத்த அழுத்தம் பார்த்து அடுத்ததைத் தீர்மானியுங்கள். பொட்டாசியம் சேர்த்த பாட்டிலை இந்த வேகத்தில் ஓடவிடக்கூடாது. மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிஈக்விவலன்ட் என்ற எல்லையைத் தாண்டினால் இதயம் பாதிக்கப்படும். பாட்டிலில் பொட்டாசியம் சேர்த்தவர் அதன்மேல் எழுதி ஒட்ட வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இரவுப் பணி மாறும் நேரத்தில் நடக்கும் விபத்து இதுதான்.

ஓட்டை விழாத சாதாரண அடைப்பில் சில மணி நேரம் செலவழித்துத் திரவத்தையும் பொட்டாசியத்தையும் சரிசெய்வது லாபமே. அதற்காக "நாளைக் காலை பார்க்கலாம்" என்று தள்ளுவது வேறு விஷயம். அழுத்தத்தில் இருக்கும் குடல் சுவர் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் சாகிறது. ஓட்டை விழுந்துவிட்டது, குடல் முறுக்கிக்கொண்டது என்றால் காத்திருக்கக் கூடாது: திரவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசைக்குப் போக வேண்டும்.

மயக்கத்தில் பெரிய ஆபத்து வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போவது. மார்ஃபினும் மெடிடோமிடினும் வாந்தியைத் தூண்டும். மெத்தடோன் கிலோவுக்கு 0.2–0.3 மி.கி. நல்ல மாற்று. தலை உயர்ந்த நிலையில் வேகமாக மயக்கி, குழாயைப் போட்டு, கஃப்பை ஊதிய பிறகுதான் தலையைத் தாழ்த்த வேண்டும். சக்‌ஷன் கைக்கெட்டும் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். நைட்ரஸ் ஆக்சைடு வேண்டாம். அது வீங்கிய குடலுக்குள் புகுந்து மேலும் வீங்க வைக்கும்.

செஃபசோலின் கிலோவுக்கு 22 மி.கி., தோலை வெட்டுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு சிரை வழியாக. அறுவை நீண்டால் 90 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி. வயிற்றறையில் தொற்று இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் நிறுத்திவிடலாம். ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தால் மோசமான தையல் நல்ல தையல் ஆகிவிடாது.

தட்டில் இருக்க வேண்டியவை

பால்ஃபோர் ரிட்ராக்டர், டோயன் குடல் கிளாம்ப் (குடலை நசுக்காமல் பிடிப்பது) குறைந்தது இரண்டு, டிபேக்கி இடுக்கி, மெட்சன்பாம் கத்தரி, 11 மற்றும் 15 எண் பிளேடு, பூல் சக்‌ஷன் முனை, பெரிய வயிற்றுத் துணிகள், வெதுவெதுப்பான சலைன். துணிகளை எண்ணி எழுதிவைத்து, மூடும்முன் மறுபடி எண்ணுங்கள். வயிற்றை மூடுவதற்குத் தனிக் கருவிகளும் புதுக் கையுறைகளும் வேண்டும். ஒரே பெட்டிதான் இருக்கிறது என்றால் அதிலிருந்து ஊசிப்பிடி, இடுக்கி, கத்தரி மூன்றை எடுத்துத் துணியால் மூடி ஒதுக்கிவிடுங்கள். குடல் வேலை முடியும்வரை தொடாதீர்கள்.

நூல்: கரையக்கூடிய ஒற்றை இழை. பாலிடயாக்சனோன் கையில் இருந்தால் வேறு யோசிக்கவே வேண்டாம். பாலிகிளெகாப்ரோன் இழுக்கவும் முடிச்சுப் போடவும் இதமானது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் வலுவின் பெரும்பகுதியை இழந்துவிடும். ஆல்புமின் குறைந்த, தொற்று உள்ள உடலில் அதை நம்பாதீர்கள். பூனைக்கும் சிறிய நாய்க்கும் 4-0, மற்ற நாய்களுக்கு 3-0. கேட்கட் வேண்டாம்: அழற்சி உள்ள இடத்தில் எப்போது கரையும் என்று சொல்ல முடியாது. பட்டு நூலும் வேண்டாம். பின்னிய இழைகளுக்குள் கிருமி தங்கும். ஊசி உருண்ட முனையாக இருக்க வேண்டும். வெட்டும் விளிம்புள்ள ஊசி போட்ட துளை நூலைவிடப் பெரிதாகி அங்கிருந்தே கசியும்.

திறந்து, எல்லாவற்றையும் பார்த்தல்

மார்பெலும்பு முனையிலிருந்து அந்தரங்க எலும்பு வரை முடியை எடுங்கள். வெட்டு தாராளமாக இருக்கட்டும். கருத்தடைக்குப் பழகிய கை இங்கேயும் சிறிய வெட்டே போடும். சிறிய வெட்டு வழியாக இழுக்கப்பட்ட குடல் காய்ந்து, கிழிந்து, ரத்த ஓட்டம் நெரிபடும். வெட்டின் நீளம் ஆறும் நாட்களைக் கூட்டாது. ஆண் நாயில் ஆண்குறி உறையைச் சுற்றிக்கொண்டு போங்கள். மேலே தொங்கும் ஃபால்சிஃபார்ம் கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டால் இரைப்பை கண்ணுக்குத் தெரியும்.

முதலில் கண்ணில் பட்ட அடைப்பை உடனே வெட்ட வேண்டாம். இரைப்பையில் தொடங்கி, பைலோரஸ், டியோடினம், ஜெஜூனம், இலியம், சீகம், பெருங்குடல் என்று விரல்களால் ஒவ்வோர் அங்குலமாக ஓட்டிப் பாருங்கள். ஒரு பொருளை விழுங்கியது இரண்டாவதையும் விழுங்கியிருக்கும். டியோடினத்தை இடப்பக்கம் தூக்கினால் வலப்பக்க அறை முழுதும் தெரியும். பெருங்குடலை வலப்பக்கம் தூக்கினால் இடப்பக்கம் தெரியும். இலியத்தை அடையாளம் காண்பது எளிது: மெசன்டரிக்கு (குடலைத் தாங்கி, ரத்தக்குழாய்களைக் கொண்டுவரும் சவ்வு) எதிர்ப் பக்கத்திலும் ஒரு ரத்தக்குழாய் ஓடுவது அங்கே மட்டும்தான்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால்? மூடிவிடாதீர்கள். இரைப்பை, சிறுகுடல், கல்லீரல், நிணநீர் முடிச்சு இவற்றிலிருந்து பயாப்ஸி எடுத்துக்கொள்ளுங்கள். வயதான பூனையில் வாந்திக்கான விடை பல சமயம் அந்தத் துண்டுகளில்தான் இருக்கும்.

பொருள் பெருங்குடலில் இருந்தால் அதை வெட்டாதீர்கள். ஆசனவாய்ப் பக்கம் மெதுவாகத் தள்ளி, கீழிருந்து உதவியாளர் எடுக்கட்டும். பெருங்குடலில் பாக்டீரியா மிக அதிகம், ஆறுவதும் தாமதம். டியோடினத்தில் இருந்தால் முடிந்தவரை இரைப்பைக்குத் திருப்பித் தள்ளி அங்கே திறப்பது நல்லது. டியோடினத்தைத் துண்டிப்பது கணையத்தோடும் பித்தநாளத்தோடும் பங்கிடும் ரத்தக்குழாய்களில் கை வைப்பது. முதல் கேஸாக அதை எடுக்கக்கூடாது.

அந்தத் துண்டு பிழைக்குமா

அடைத்த இடத்தின் குடல் நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். பார்த்தவுடனே முடிவெடுக்காதீர்கள். பொருளை எடுத்து அழுத்தத்தைக் குறைத்தபின், வெதுவெதுப்பான சலைன் நனைத்த துணியால் மூடி 5–10 நிமிடம் விடுங்கள். பிறகு நான்கைப் பாருங்கள்: நிறம் திரும்புகிறதா, மெசன்டரி ரத்தக்குழாயில் துடிப்பு இருக்கிறதா, லேசாகக் கிள்ளினால் அலை ஓடுகிறதா, சுவர் இரு விரலுக்கு நடுவே சரியான தடிமனோடு இருக்கிறதா. இவற்றில் நிறம்தான் அதிகம் ஏமாற்றுவது. கருஞ்சிவப்புக் குடல் பலமுறை தேறும். காகிதம்போல் மெலிந்த, சாம்பலோ பச்சையோ படிந்த குடல் தேறாது. சந்தேகம் தீரவில்லை என்றால் துண்டித்துவிடுவதே மேல். நாய் பாதிச் சிறுகுடலை இழந்தும் வாழும், செத்துப்போன ஓர் அங்குலத்தை உள்ளே வைத்துக்கொண்டு வாழாது.

குடலைத் திறந்து பொருளை எடுத்தல்

அந்த வளையத்தை மட்டும் வயிற்றுக்கு வெளியே எடுத்து, ஈரத் துணிகளால் சுற்றிலும் கட்டுங்கள். உள்ளிருப்பதை இரு பக்கமும் வழித்துத் தள்ளி, பொருளிலிருந்து சற்று விலகி உதவியாளரின் விரல்கள் கத்தரிபோல் பிடிக்கட்டும். ஆள் இல்லை என்றால் டோயன், முதல் பல்லில் மட்டும்.

எங்கே வெட்டுவது என்பதுதான் இந்த அறுவையின் பாதி. பொருள் இருக்கும் இடத்துக்கு மேலேயும் வேண்டாம், அதன் வாய்ப்பக்கமும் வேண்டாம். அங்கே குடல் வீங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, நூலைப் பிடிக்கும் நிலையில் இருக்காது. பொருளுக்கு உடனே அடுத்து ஆசனவாய்ப் பக்கம் உள்ள ஆரோக்கியமான குடலில், மெசன்டரிக்கு எதிர் விளிம்பில், நீளவாக்கில் 11 எண் பிளேடால் குத்தித் திறந்து மெட்சன்பாமால் நீட்டுங்கள். பொருள் கிழிக்காமல் வெளிவரும் அளவுக்கு நீளம் வேண்டும். சிறிய துளை வழியாகப் பிதுக்கினால் வெட்டின் முனை தாறுமாறாகக் கிழியும். அந்தக் கிழிசல்தான் பின்னால் கசியும்.

தைக்கும் முறை:

1. பிதுங்கி வெளியே வரும் மியூகோசாவைக் கத்தரியால் சீராக வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது விளிம்புகளுக்கு நடுவே புகுந்து, சப்மியூகோசா சப்மியூகோசாவைத் தொடவிடாது.
2. விளிம்பிலிருந்து 2–3 மி.மீ. தள்ளி, முழுச் சுவரையும் துளைத்து ஊசியை ஏற்றுங்கள். தையலுக்குத் தையல் 2–3 மி.மீ.
3. சீரோசாவைச் சற்று அதிகமாகவும் மியூகோசாவைக் குறைவாகவும் பிடித்தால் மியூகோசா தானே உள்ளே மடங்கும்.
4. விளிம்புகள் தொட்டவுடன் முடிச்சை நிறுத்துங்கள். திசு வெளுத்தால் இறுக்கம் அதிகம், அது அழுகும். ஒவ்வொரு முடிச்சுக்கும் குறைந்தது 4 சுற்று.

தனித்தனித் தையலா, தொடர் தையலா என்ற வாதம் நெடுங்காலமாக உண்டு. கை பழகும்வரை தனித்தனித் தையலே போடுங்கள்: ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும். தொடர் தையலில் நூலை இறுக்கினால் குடல் சுருங்கும், தளர்த்தினால் இடைவெளி விழும். விளிம்பை உள்ளே மடிக்கும் தையல்கள் சிறுகுடலுக்கு வேண்டாம், வழியைக் குறுக்கிவிடும். பூனையின் ஒல்லியான குடலில் நீளவாக்கு வெட்டை நீளவாக்கிலேயே மூடினால் நெருக்கும் போலத் தெரிந்தால், குறுக்குவாக்கில் மூடிவிடலாம்.

துண்டித்து இணைத்தல்

எடுக்கப்போகும் துண்டுக்கு ரத்தம் கொண்டுவரும் மெசன்டரிக் குழாய்களையும், குடலோடு ஒட்டி ஓடும் வளைவுக் குழாயை இரு முனையிலுமாகவும் கட்டுங்கள். வெட்டும் கோட்டைத் தாண்டிக் கட்டினால் மிச்சக் குடலின் ரத்தத்தை நீங்களே நிறுத்துகிறீர்கள். எடுத்தெறியும் பக்கம் நசுக்கும் கிளாம்ப், வைத்துக்கொள்ளும் பக்கம் விரல் அல்லது டோயன். வெட்டைச் சற்றுச் சாய்வாக, மெசன்டரிக்கு எதிர் விளிம்பில் கொஞ்சம் கூடுதலாகக் குடல் போகும்படி போடுங்கள். அந்த விளிம்புதான் ரத்தம் கடைசியாகப் போய்ச்சேரும் இடம், வாயும் அகலமாகும். வெட்டிய விளிம்பில் பளிச்சென்று சிவப்பு ரத்தம் கசிய வேண்டும். வரவில்லை என்றால் இன்னும் வெட்டுங்கள்.

வீங்கிய வாய்ப்பக்கமும் ஒல்லியான கீழ்ப்பக்கமும் அளவில் பொருந்தாது. வீங்கிய பக்கத்தை நேராகவும் ஒல்லிப் பக்கத்தைக் கூடுதல் சாய்வாகவும் வெட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மேல் வேறுபாடு இருந்தால் ஒல்லிப் பக்கத்தின் எதிர் விளிம்பை 1–2 செ.மீ. நீளவாக்கில் பிளந்து வாயை அகலமாக்குங்கள்.

முதல் தையல் மெசன்டரி விளிம்பில். கசிவுகளில் பெரும்பாலானவை இந்த மூலையில் நிகழ்பவை, ஏனென்றால் அங்கே கொழுப்பு சுவரை மூடிவிடும். ஊசி கொழுப்பைப் பிடித்ததா சப்மியூகோசாவைப் பிடித்ததா என்று தெரியாது. தைக்கும்முன் அந்தக் கொழுப்பை விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் மட்டும் மெதுவாக ஒதுக்குங்கள். அதிகம் ஒதுக்கினால் ரத்தக்குழாய் போய்விடும். ஊசி வெளிவந்ததும் நூலை லேசாக இழுத்துப் பாருங்கள்: சப்மியூகோசா சிக்கியிருந்தால் உறுதியாகத் தடுக்கும், கொழுப்பு மட்டும் என்றால் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டாவது தையல் நேர் எதிர் விளிம்பில். இந்த இரண்டின் நூல்முனைகளையும் நீளமாக விட்டுப் பிடித்துக்கொண்டால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சமமாகப் பங்கிட்டுத் தைக்கலாம். தொடர் தையல் போடுவதானால் இரண்டு நூல்கள், ஆளுக்கு அரைவட்டம். ஒரே நூலில் சுற்றிவந்தால் சுருக்கு விழும். முடிந்ததும் மெசன்டரியில் உள்ள ஓட்டையை மூடுங்கள், குழாயைக் குத்திவிடாமல். மூடாமல் விட்டால் இன்னொரு குடல் வளையம் அதற்குள் நுழைந்து நெரியும்.

நூல், நாடா, துணிக்கீற்று

ஒரு முனை நாக்கின் அடியிலோ பைலோரஸிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் தன் அலையால் இழுத்துக்கொண்டே இருக்கும். சுருக்குப்பையின் நாடாவை இழுத்தால் துணி மடிவதுபோல் குடல் நூல்மேல் ஏறி மடியும். நூல் மெசன்டரி விளிம்பை உள்ளிருந்தே அறுக்கும். ஆசனவாயில் தொங்கும் நூலை வீட்டிலும் மருத்துவமனையிலும் யாரும் இழுக்கக்கூடாது.

முதலில் மாட்டிய முனையை விடுவியுங்கள். நாக்கின் அடி என்றால் அங்கே வெட்டுங்கள். பைலோரஸ் என்றால் இரைப்பையைத் திறந்து அங்கேயே அறுங்கள். பிறகு மடிந்த குடல் தானாகவே சற்றுத் தளரும். நூலை ஒரே துளை வழியாக முழுதும் இழுக்கப் பார்க்காதீர்கள். இழுக்கும்போது தடை தெரிந்தால் நிறுத்தி, அந்த இடத்தில் அறுத்து, அடுத்த துளையைப் போடுங்கள். இன்னொரு வழி: நூல் முனையை மென்மையான ரப்பர் கதீட்டரில் தைத்து, ஒரே துளைக்குள் அந்தக் கதீட்டரை நுழைத்து மூடிவிட்டு, குடல் வழியே வழித்து வழித்து ஆசனவாய்வரை கொண்டுபோவது. தடிமனான துணிக்கு இது உதவாது.

எடுத்தபின் மெசன்டரி விளிம்பு முழுவதையும் ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பாருங்கள். கொழுப்புக்குள் ஒளிந்த ஊசிமுனை அளவு ஓட்டைகள் தவறவிடப்படுவது இங்கேதான். பல ஓட்டைகள் அருகருகே இருந்தால் ஒவ்வொன்றாகத் தைப்பதைவிட அந்தத் துண்டையே எடுப்பது பாதுகாப்பு.

இரைப்பையைத் திறக்க நேர்ந்தால்

இதுதான் இந்த அறுவைகளில் இலகுவானது. ரத்த ஓட்டம் தாராளம், சுவர் தடிமன், ஆறுவது விரைவு. பெரிய வளைவுக்கும் சிறிய வளைவுக்கும் நடுவே, ரத்தக்குழாய் குறைந்த இடத்தில், பைலோரஸிலிருந்து விலகி, இரு முனையிலும் தாங்கு நூல் போட்டுத் தூக்கி வெட்டுங்கள். உள்ளிருக்கும் நீரை முதலில் உறிஞ்சிவிடுங்கள். மூடுவது இரண்டு அடுக்கு: மியூகோசா–சப்மியூகோசாவுக்கு ஒரு தொடர் தையல், அதன்மேல் சீரோசா–தசைக்கு விளிம்பை உள்ளே மடிக்கும் குஷிங் அல்லது லெம்பர்ட் தையல். சிறுகுடலில் வேண்டாம் என்ற மடிப்புத் தையல் இங்கே தாராளமாகப் போடலாம், இடம் இருக்கிறது.

குடல் குடலுக்குள் நுழைந்துகொண்ட கேஸில், இளம் நாய் என்றால் பார்வோ வைரஸையும் புழுக்களையும் தேடுங்கள். வெளிக் குடலின் கீழ்ப்புறத்திலிருந்து பிதுக்கித் தள்ளுவதே முறை. உள்ளே போன பகுதியைப் பிடித்து இழுத்தால் கிழியும். பிரியவில்லை, அல்லது பிரிந்தபின் செத்திருக்கிறது என்றால் துண்டிப்புதான். வயதான விலங்கில் வெட்டிய துண்டைக் கட்டாயம் திசு ஆய்வுக்கு அனுப்புங்கள். உள்ளே கட்டி இருக்கக்கூடும்.

கசிவு சோதனை, கழுவுதல், மூடல்

தையலின் இரு பக்கமும் அடைத்து, மெல்லிய ஊசியால் சலைன் ஏற்றுங்கள். நாயின் ஜெஜூனத்தில் 10 செ.மீ. நீளத்துக்கு விரலால் அடைத்தால் 16–19 மி.லி., டோயனால் அடைத்தால் 12–15 மி.லி. போதும். அதற்கு மேல் அழுத்தி ஏற்றினால் எந்தத் தையலும் கசியும். நல்ல வேலையைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டிவரும். துளி வந்த இடத்தில் ஒரு தனித் தையல் கூடுதலாகப் போடுங்கள். சோதனையில் கசியாதது ஐந்தாம் நாளும் கசியாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இது உங்கள் கையின் தவறை மட்டுமே காட்டும், திசுவின் நிலையைக் காட்டாது.

வெளியே எடுத்த வளையத்தைக் கழுவி உள்ளே வையுங்கள். வயிற்றறைக்குள் சிந்தியிருந்தால் உடல் வெப்பத்துச் சலைன், கிலோவுக்கு 200–300 மி.லி. வரை. ஊற்றியதை முழுதும் உறிஞ்சி எடுக்க வேண்டும். தேங்கிய நீரில் வெள்ளணுக்கள் வேலை செய்யா. கிருமிநாசினி எதையும் கலக்காதீர்கள். தையல்மேல் ஓமெண்டத்தை (குடலை முன்னால் மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வு) போர்த்துங்கள். நழுவும் என்று பட்டால் ஓரிரு தையல் போடலாம்.

கையுறையும் கருவியும் மாற்றியாயிற்றா? துணி எண்ணிக்கை சரியா? பிறகு லீனியா ஆல்பாவை (வயிற்றுச் சுவரின் நடுக்கோடு) மூடுங்கள்: வலு அதன் வெளிப்புற உறையில் இருக்கிறது, விளிம்பிலிருந்து 5–10 மி.மீ. தள்ளிப் பிடியுங்கள். வெட்டின் இருபுறமும் புப்பிவக்கைன் போட்டால் விழிப்பு இதமாக இருக்கும். நாய்க்குக் கிலோவுக்கு 2 மி.கி., பூனைக்கு 1 மி.கி. என்ற எல்லைக்குள்.

அடுத்த ஐந்து நாட்கள்

பட்டினி போடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. தேவையில்லை. முழுதாக விழித்து, வாந்தி இல்லாமல் இருந்தால் 12 மணி நேரத்துக்குள் சிறிய அளவில் உணவு கொடுக்கலாம். குடல் சுவரின் செல்கள் தங்கள் உணவைக் குடலுக்குள் இருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஒரு நாளின் ஓய்வுநிலை ஆற்றல் தேவை, எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் வருவது. 10 கிலோ நாய்க்குச் சுமார் 390 கிலோகலோரி. முதல் நாள் இதில் நான்கில் ஒரு பங்கு, சிறு சிறு வேளைகளாக. குமட்டலுக்கு மாரோபிடன்ட் கிலோவுக்கு 1 மி.கி. நாளுக்கு ஒருமுறை. அடைப்பு நீங்கிவிட்டதால் இப்போது மெட்டோகுளோபிரமைடும் கொடுக்கலாம். வலிக்கு ஓபியாய்டு கொடுங்கள். ஸ்டீராய்டு அல்லாத வலிமருந்துகளை நீரிழப்பு தீர்ந்து சாப்பிடத் தொடங்கும்வரை தள்ளிவையுங்கள்.

யாரை அதிகம் கவனிக்க வேண்டும்? அறுவைக்கு முன்பே வயிற்றறையில் தொற்று, ஆல்புமின் 2.5 கிராம்/டெசிலிட்டர் அல்லது அதற்குக் கீழ், அன்னியப்பொருளால் வந்த அடைப்பு. இந்த மூன்றில் இரண்டு உள்ள நாயின் குடல் இணைப்பு பிரியும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. குறித்துவைத்த ஆல்புமின் எண் இங்கேதான் பயன்படும்.

கசிவு முதலில் சத்தமில்லாமல் வரும். நேற்றுச் சாப்பிட்ட விலங்கு இன்று முகர்ந்துவிட்டு விலகும், நாடி ஏறும், வாந்தி திரும்பும், பிறகே காய்ச்சலும் வயிற்று வலியும். பூனையில் நாடி குறைந்து, உடல் குளிர்ந்து போகலாம். எக்ஸ்ரேயில் வயிற்றறைக்குள் தெரியும் காற்றை நம்பாதீர்கள், திறந்து மூடிய வயிற்றில் அது நாட்கணக்கில், வாரக்கணக்கிலும் இருக்கும். அல்ட்ராசவுண்ட் பார்த்து நீர் இருக்கும் இடத்தில் ஊசி போட்டு எடுத்து, ஸ்லைடில் பாருங்கள். சிதைந்த நியூட்ரோஃபில்களுக்குள் பாக்டீரியா தெரிந்தால் விவாதம் முடிந்தது. வயிற்று நீரின் சர்க்கரை ரத்தத்தைவிட 20 மி.கி./டெசிலிட்டருக்கு மேல் குறைந்திருந்தாலும் தொற்று என்றே நினைக்க வேண்டும்; அறுவை முடிந்த சில நாட்களில், குறிப்பாக வடிகுழாய் வைத்திருந்தால், இந்த எண்ணைத் தனியாக நம்ப முடியாது.

உறுதியானால் அன்றே திறக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்கை மாற்றி ஓர் இரவு பார்ப்பது அந்த இரவை இழப்பது மட்டுமே. நீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, கசிந்த இடத்தில் ஒரு தையல் போட்டு ஒப்பேற்றாமல் அந்த இணைப்பையே வெட்டி எடுத்து, நல்ல குடலோடு புதிதாக இணையுங்கள். அதன்மேல் பக்கத்துக் குடல் வளையத்தின் சீரோசாவை ஒட்டுப்போல் தைக்கலாம்; வளையம் கூர்மையாக மடங்கிவிடாதபடி. மறுதிறப்பு வர வாய்ப்புண்டு என்பதையும் அதன் செலவையும் முதல் அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவைப்பது நல்லது. நான்காம் நாள் இரவு தொலைபேசியில் முதன்முறையாகச் சொல்லும் செய்தியாக அது இருக்கக்கூடாது.